இரண்டு நாள் தலைமைப் பயிற்சி: டிசைனரும் போட்டோகிராபரும் காசு கட்டலாமா?

டிசைன் ஸ்டுடியோ, கல்யாண போட்டோகிராபி, வீடியோ எடிட்டிங், இன்டீரியர், விளம்பரப் படம் என்று படைப்புத் தொழிலில் இருப்பவர்களைக் குறிவைத்து இப்போது நிறைய தலைமைப் பயிற்சிகள் விற்பனைக்கு வருகின்றன. பெரும்பாலும் ஒரே அச்சுதான். சனி, ஞாயிறு இரண்டு நாள், ஓட்டல் ஹால், முப்பது நாற்பது பேர், மதியச் சாப்பாடு, கடைசியில் சான்றிதழ். கட்டணத்துக்கு மேல் 18% ஜிஎஸ்டி. இந்த வகைப் பயிற்சியில் எந்த மணி நேரத்துக்குக் கொடுத்த காசு தகும், எது வீண், காசு கட்டாமலே கிடைப்பது என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உங்கள் ஸ்டுடியோவில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வேலை ஒன்றை மேசைமேல் வைத்து, அதைப் பற்றி எப்படிப் பேசுவது, யாரிடம் எப்படி ஒப்படைப்பது, அதற்கு எவ்வளவு வாங்குவது என்று பழக்கினால் அந்தப் பயிற்சிக்குக் காசு கட்டலாம். வேலையே மேசைக்கு வராத பயிற்சி எவ்வளவு புகழ்பெற்றவர் நடத்தினாலும் வேண்டாம்.

தனியாளாக வேலை செய்கிறவருக்கு இது அவசரமில்லை. இரண்டு பேர் இருக்கும்போதும் சமாளிக்கலாம்; ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழும். மூன்றாவது ஆள் வந்ததும் கணக்கு மாறுகிறது. மூன்று பேருக்குள் மூன்று ஜோடி உறவு, ஐந்து பேருக்குள் பத்து, எட்டுப் பேருக்குள் இருபத்தெட்டு. எதையும் எழுதி வைக்காமல் ஓட்டிய ஸ்டுடியோ ஐந்தாவது ஆளோடு திணறுவது இதனால்தான். இரவு 11 மணிக்கு முதலாளி, ஜூனியர் செய்த கல்யாணப் பத்திரிகையின் ஃபைலைத் திறக்கிறார். இருபுறமும் சமமாக இழுத்த வரிகளில் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக இடைவெளி. தானே உட்கார்ந்து சரிசெய்து காலையில் கிளையன்ட்டுக்கு அனுப்பிவிடுகிறார். ஜூனியருக்குத் தன் வேலையில் தவறு இருந்ததே தெரியாது. அடுத்த பத்திரிகையிலும் அதே ஓட்டைகள், அதே 11 மணி. உங்கள் ஸ்டுடியோவில் இது மாதத்துக்கு நாலு தடவை நடக்கிறது என்றால் பயிற்சி எடுக்கும் நேரம் வந்துவிட்டது.

எந்த மாதத்தில் போவது என்பதும் முக்கியம். கல்யாண வேலை செய்கிறவர்களுக்கு முகூர்த்தம் இல்லாத ஆடியும் மார்கழியும்தான் சரி. விளம்பர வேலை செய்கிற ஸ்டுடியோவுக்குத் தீபாவளிக்கு முந்தைய ஒன்றரை மாதமும் மார்ச் மாதக் கணக்கு முடிப்பும் ஆகாது. பயிற்சி முடிந்து வந்த முதல் இரண்டு வாரம் மூச்சுவிட நேரம் இருக்கவேண்டும். திங்கட்கிழமையே டெலிவரி நெருக்கடியில் போய் விழுந்தால், கற்றது எல்லாம் புதன்கிழமைக்குள் காணாமல் போகும்.

முதல் நாள்

காலை அறிமுகம் முடிந்ததும் பெரும்பாலும் ஆளுமைத் தேர்வு. நான்கு எழுத்தில் உங்கள் குணத்தைச் சொல்லும் மையர்ஸ்-பிரிக்ஸ் வகையறா. கூச்சம் போகப் பேச்சைத் தொடங்கிவைக்க உதவும், அவ்வளவுதான். சில வாரம் கழித்து அதே கேள்விகளுக்குப் பதில் எழுதினால் பலருக்கு வேறு எழுத்துகள் வருகின்றன. இதை நம்பி, "இவன் உள்ளுக்குள்ளேயே இருக்கிற ஆளு, கிளையன்ட் மீட்டிங்குக்கு வேண்டாம்" என்று ஓரங்கட்டினால் நல்ல ஆள் ஒருவரை இழப்பீர்கள்.

அடுத்தது மார்ஷ்மெல்லோ கோபுரம். ஒரு குழுவுக்கு 20 ஸ்பகெட்டி குச்சி, ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், ஒரு மார்ஷ்மெல்லோ, 18 நிமிடம். மிட்டாய் உச்சியில் நிற்கும்படி உயரமாகக் கட்டவேண்டும். பீட்டர் ஸ்கில்மன் என்ற வடிவமைப்பாளர் தொடங்கிவைத்தது. டாம் வூஜெக் 2010இல் டெட் (TED) என்ற உரை மேடையில் பேசியபின் உலகம் முழுக்கப் பரவியது. மேலாண்மை மாணவர்கள் திட்டம் போட்டே நேரத்தைத் தீர்த்துவிடுவார்கள், மழலையர் வகுப்புப் பிள்ளைகள் வைத்துப் பார்த்து, விழுந்தால் மாற்றி, உயரமாகக் கட்டிவிடுவார்கள் என்பதுதான் பாடம். வங்கி மேலாளருக்கு இது புதிது. முப்பது ஸ்கெட்ச் போட்டுப் பார்க்காமல் லோகோவையே தொடங்காத டிசைனருக்கு இது அவர் தினமும் செய்வது. விளக்கம், விளையாட்டு, கலந்துரையாடல் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் போய்விடும். நிரலில் இது இருந்தால், கார்ப்பரேட் ஆட்களுக்குத் தயாரித்த பயிற்சியை மேலட்டை மாற்றி விற்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு 'விஷன்', அதாவது ஸ்டுடியோவின் நீண்டகாலக் கனவை எழுதும் அமர்வு. அரை மணி நேரத்துக்கு மேல் போனால் நேர விரயம்.

முதல் நாளில் காசுக்குத் தகும் பகுதி, ஆளுக்கும் வேலைக்கும் ஏற்ப நடத்துவது பற்றியது. 1969இல் பால் ஹெர்சியும் கென் பிளான்சர்டும் முன்வைத்த முறை இது. நான்கு விதம்: படிப்படியாகச் சொல்லிச் செய்யவைப்பது, காரணம் விளக்கிப் பழக்குவது, கூட நின்று தாங்குவது, முழுதாக விட்டுவிடுவது. பயிற்சியாளர்கள் பலர் இதை ஆட்களை நாலு வகையாகப் பிரிப்பதாகச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அது தவறு. ஒரே ஆள் ஒரு வேலையில் நாலாம் படியிலும் இன்னொன்றில் முதல் படியிலும் இருப்பார். ஆறு வருடம் கலர் கிரேடிங் செய்த எடிட்டரிடம் அதில் தலையிட்டால் அவருக்கு எரிச்சல்தான் வரும். அதே எடிட்டரை முதல் தடவை கிளையன்ட்டோடு விலை பேச அனுப்பும்போது, "ஆறு வருஷமா இருக்காரு, அவருக்குத் தெரியாதா?" என்று விட்டுவிட்டால் மாட்டிக்கொள்வார். படைப்புத் தொழிலில் முதலாளிகள் அதிகம் சறுக்கும் இடம் இது. கைத்திறனைப் பார்த்துப் பொறுப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். பொறுப்புக்கு வேண்டிய பழக்கம் தனி.

நல்ல பயிற்சியில் இதை ஒரு தாளில் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். மேல் வரிசையில் ஆறு வேலை, இடப்புறம் ஒன்றன்கீழ் ஒன்றாக நாலு பெயர். மொத்தம் 24 கட்டம். ஒவ்வொன்றிலும், மேலே சொன்ன நாலு விதத்தில் எது என்று 1 முதல் 4 வரை ஓர் எண். அதே தாளை வெறுமையாக உங்கள் ஆட்களிடம் கொடுத்து, அவரவர் வரிசையை அவரவரே நிரப்பச் சொல்ல வேண்டும். உங்கள் எண்ணுக்கும் அவர்கள் எண்ணுக்கும் இரண்டோ அதற்கு மேலோ வித்தியாசம் வரும் கட்டங்களில் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது. இருபது நிமிட வேலை, பல மாத மனஸ்தாபத்தின் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கருத்துச் சொல்லும் அமர்வுதான் உயிர்

படைப்பு வேலை செய்கிறவருக்குத் தலைமைப் பயிற்சியில் ஒரே ஒரு அமர்வுதான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் வாங்க வேண்டும். மற்ற தொழிலில் வேலை சரியா தப்பா என்று அளந்து பார்க்கலாம். இங்கே வேலையும் அதைச் செய்தவரின் ரசனையும் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கின்றன. கருத்து கொஞ்சம் பிசகினாலும், அடுத்த தடவை ஜூனியர் உங்களுக்குப் பிடிப்பதை மட்டும் செய்வார். உங்கள் ஸ்டுடியோவில் ஒரு தலைதான் யோசிக்கும்.

ஓர் உதாரணம். ஜூனியர் எடிட்டர் நாலு நிமிடக் கல்யாண டீசர் வெட்டியிருக்கிறார். தாலி கட்டும் இடத்தில் கெட்டிமேளம் முந்திக்கொண்டு உச்சத்துக்குப் போய்விடுகிறது. கை முடிச்சுப் போடும்போது மேளம் இறங்கத் தொடங்கிவிட்டது. வழக்கமாக அவருக்குக் கிடைக்கும் கருத்து: "என்னமோ ஃபீல் வரலையேப்பா." இதைக் கேட்டு அவர் இசையை மாற்றுவார், நிறத்தை மாற்றுவார், ஸ்லோமோஷன் போடுவார். மேளம் அங்கேயே இருக்கும்.

பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுப்பது சூழல், நடத்தை, விளைவு என்ற மூன்று படிச் சொல்முறை. இதை உருவாக்கியது அமெரிக்காவின் வட கரோலினாவில் 1970இல் தொடங்கிய சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப். பெயரில் 'கிரியேட்டிவ்' இருப்பதால் கலைஞர்களுக்கான நிறுவனம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, எல்லாத் துறை மேலாளர்களுக்கும் பயிற்சி தருவது. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் விக்ஸ் தைலம் சம்பாதித்துக் கொடுத்த குடும்பத்தின் அறக்கட்டளைதான் அதற்கு விதை போட்டது. அந்த முறையில் சொன்னால்: "தம்பி, 2 நிமிஷம் 40ஆவது செகண்ட், தாலி ஷாட். மேளத்தோட உச்சம் முடிச்சுக்கு முன்னாடியே விழுது. அதனால முடிச்சு போடுறப்போ சத்தம் இறங்குது, கண்ணு கையில நிக்க மாட்டேங்குது." ஜூனியருக்கு எங்கே போய் எதைத் தொட வேண்டும் என்று தெரிந்துவிடும். எப்படிச் சரிசெய்வது என்பதை அவரிடமே விட்டாயிற்று. அதுதான் முக்கியம்.

இது பிழை தெளிவாகத் தெரியும்போது. வேலை இன்னும் பாதியில், திசையே முடிவாகாமல் இருக்கும்போது வேறு முறை வேண்டும். அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய கிரிட்டிக்கல் ரெஸ்பான்ஸ் ப்ராசஸ் அதற்கு ஏற்றது. வேலையைச் செய்தவர், கருத்துச் சொல்கிறவர்கள், நடுவில் நடத்துகிறவர் என்று மூன்று பொறுப்பு, நான்கு படி.

முதல் படியில், பார்த்ததில் மனதில் நின்றதை மட்டும் சொல்ல வேண்டும். "பாட்டி கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிற ஷாட் அப்படியே நிக்குது." இதைப் புகழ்ச்சி என்று நினைத்துத் தாண்டிவிடக் கூடாது. எந்த ஷாட் வேலை செய்கிறது என்று எடிட்டருக்குக் கிடைக்கும் தகவல் அது. இரண்டாம் படியில் கேள்வி கேட்பவர் வேலையைச் செய்தவர். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் பயனில்லை, "மேளம் ஏறுற இடம் உங்களுக்குச் சரியா விழுதா?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். மூன்றாம் படியில் மற்றவர்கள் கேட்கலாம், ஆனால் கேள்வியில் தங்கள் கருத்து ஒளிந்திருக்கக் கூடாது. "ஏன் இவ்வளவு வேகமா வெட்டியிருக்கே?" என்பது கேள்வி உடை போட்ட தீர்ப்பு. "இந்த இடத்துல வேகத்தை எதை வச்சு முடிவு பண்ணினே?" என்பது கேள்வி. நாலாம் படியில்தான் கருத்து, அதுவும் அனுமதி கேட்டு: "அந்த மண்டப நுழைவு ஷாட் பத்தி எனக்கு ஒண்ணு தோணுது, சொல்லலாமா?" வேண்டாம் என்று மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

மூன்றாம் படியில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். நடுநிலைக் கேள்வி கேட்பது வாசிக்க எளிது, வாயில் வராது. பயிற்சி அறையில் குறைந்தது மூன்று தடவை தவறாகக் கேட்டு, நடத்துபவர் நிறுத்தி, மாற்றிக் கேட்டால்தான் படியும். ஸ்லைடில் காட்டிவிட்டு நகர்ந்துவிடும் பயிற்சிக்கும் செய்யவைக்கும் பயிற்சிக்கும் உள்ள வித்தியாசம் இங்கே பளிச்சென்று தெரியும்.

நம் ஊரில் இந்த முறைக்கு ஒரு சிக்கல் உண்டு. "சொல்லலாமா?" என்று முதலாளி கேட்டால், "வேண்டாம் அண்ணா" என்று எந்த ஜூனியரும் சொல்ல மாட்டார். அனுமதி வெறும் சடங்காகிவிடும். அதனால் நடத்தும் பொறுப்பை முதலாளி எடுக்கக் கூடாது. அலுவலகத்தில் நடுநிலையான ஒருவரிடம் கொடுத்துவிட்டு, முதலாளி கடைசி ஆளாகப் பேச வேண்டும். இன்னொன்று, இது டெலிவரிக்கு முந்தைய இரவுக்கான முறை கிடையாது. அப்போது நேராகச் சொல்லிவிட்டு வேலையை முடிக்கத்தான் வேண்டும். எது எப்போது என்று பயிற்சியாளர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. நான்கு படியையும் ஒழுங்காகச் செய்ய ஒரு வேலைக்கு 40 நிமிடம் ஆகும். இரண்டு நாளில் கையில் கிடைப்பது 12 மணி நேரம், அதாவது 720 நிமிடம். வேறு எதுவுமே செய்யாவிட்டாலும் 18 வேலைதான் மேசைக்கு வரும். நாற்பது பேர் ஹாலில், ஒரே பயிற்சியாளரை வைத்துக்கொண்டு, "எல்லோருடைய வேலையையும் பார்ப்போம்" என்று விளம்பரம் செய்தால் அது நடக்காது. ஐந்து ஐந்து பேராகப் பிரித்தால் எட்டுக் குழு, எட்டு நடத்துநர் வேண்டும். எத்தனை பேர், எத்தனை நடத்துநர் என்று கேட்டுவிட்டால் பாதி முடிவு உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒப்படைப்பதும், அதற்குப் பின் வரும் பணக் கணக்கும்

இரண்டாம் நாள் காலை பெரும்பாலும் வேலையைப் பிரித்துக்கொடுப்பது பற்றி. "நம்பி விடுங்கள்" என்று மட்டும் சொல்லும் பயிற்சியாளர்களிடம் கவனமாக இருங்கள். நம்பி விட்டுவிட்டு, கடைசி நாளில் பார்த்து அதிர்ந்து, எல்லாவற்றையும் தானே திரும்பச் செய்வதுதான் பல ஸ்டுடியோக்களில் நடக்கிறது. அதன்பின் "யாரையும் நம்ப முடியாது" என்ற முடிவு வேறு. உருப்படியான முறையில், ஒப்படைக்கும்போது ஒரு தாளில் நாலு விஷயம் இருக்கும். முடிந்த வேலை எப்படி இருக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது, தன் முடிவில் எவ்வளவு ரூபாய் வரை செலவழிக்கலாம், எப்போது காட்ட வேண்டும். காட்டுவது இரண்டு தடவை போதும். ஐந்தில் ஒரு பங்கு முடிந்ததும் திசை சரியா என்று ஒரு தடவை; பாதி தாண்டியதும் நுணுக்கம் பார்க்க ஒரு தடவை. நடுவில் எட்டிப் பார்க்கக் கூடாது. கொடுத்து முடித்ததும், "என்ன செய்யப்போறேன்னு ஒரு தடவை சொல்லு" என்று கேட்டால், பிரீஃப் (நீங்கள் சொன்ன வேலை விவரம்) எங்கே தவறாகப் புரிந்திருக்கிறது என்று இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

பாதியில் ஜூனியர் வந்து, "அண்ணா, இதை எப்படிப் பண்றது?" என்று நிற்பார். மவுஸைக் கையில் வாங்கினால் வேலை உங்களிடம் திரும்பிவிட்டது என்று பொருள். "நீ யோசிச்ச ரெண்டு வழி சொல்லு" என்று கேட்கப் பழக்கும் பயிற்சி நல்ல பயிற்சி.

இதுவரை சொன்னதைப் பல பயிற்சிகள் ஓரளவு தருகின்றன. ஏறத்தாழ எல்லாப் பயிற்சிகளும் விட்டுவிடுவது அடுத்து வருவதை. நீங்கள் ஒப்படைக்கத் தொடங்கினால் உங்கள் விலைப் பட்டியல் மாறியாக வேண்டும்.

நாலு பேர் ஸ்டுடியோ. உங்கள் சம்பளம் உட்பட மாதச் செலவு 2,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர், 22 நாள், 8 மணி நேரம்: மொத்தம் 704 மணி நேரம். அதில் கிளையன்ட்டிடம் பில் போடக்கூடியது 60% என்றால் சுமார் 422 மணி. ஒரு மணி நேரத்தின் அடக்கவிலை 474 ரூபாய். இப்போது நீங்கள் டிசைன் மேசையை விட்டு எழுந்து, ஆட்களைப் பார்ப்பது, விலை பேசுவது, புது வேலை பிடிப்பது என்று மாறுகிறீர்கள். பில் போடும் கை மூன்றுதான். 528 மணியில் 60%, சுமார் 317 மணி. அடக்கவிலை 631 ரூபாய். பழைய விலையிலேயே வேலை எடுத்தால் ஒவ்வொரு மணிக்கும் 157 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகிறது. பயிற்சி எடுத்துவந்து உற்சாகமாகப் பொறுப்பைப் பிரித்துக்கொடுத்தவர்கள் ஆறு மாதத்தில், "இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று பழைய நாற்காலிக்கே திரும்புவதற்கு மனநிலை காரணமில்லை; இந்தக் கணக்குதான் காரணம்.

வழி இருக்கிறது. கருத்துச் சொல்லும் முறை திருந்தி, மறுவேலை குறைந்து, மூன்று பேரின் பில் நேரம் 60%இலிருந்து 70%க்கு ஏறினால் சுமார் 370 மணி கிடைக்கும். அடக்கவிலை 541க்கு இறங்கும். மீதியை விலை உயர்வில் ஈடுகட்ட வேண்டும். பயிற்சியின் பலனை உண்மையில் அளக்க வேண்டுமானால் இந்தப் பில் நேரச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் போதும். அதற்கு, போவதற்கு முன்பே நாலு வாரம் நேரக் குறிப்பு எழுதி வைத்திருக்க வேண்டும். யார், எந்த வேலை, எத்தனை மணி, அதில் மறுவேலை எவ்வளவு.

விலை பேசும் அமர்வில் ஒப்பந்தம் வராமல் போனால் கேட்டு வாங்குங்கள். படைப்புத் தொழிலில் விலை என்பது உரிமையும் சேர்ந்தது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். கல்யாணப் படத்தை உங்கள் இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும் என்பது இதனால்தான். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இது தெரிந்த டிசைனர் லோகோவுக்கு ஒரு விலையும், எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்குமான உரிமைக்கு வேறு விலையும் சொல்லலாம். அதேபோல உத்யம் என்ற மத்திய அரசுப் பதிவைச் செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் வந்தாக வேண்டும் என்கிறது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் வட்டி உண்டு. பதிவு இலவசம். பயிற்சியில் இந்த இரண்டைப் பற்றியும் ஒரு மணி நேரம் சொன்னால், விஷன் அமர்வு மூன்றைவிட அது மேல்.

முடிந்து வந்த பிறகு

ஞாயிறு மாலை ஒரு படிவம் கொடுத்து ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பார்கள். எல்லோரும் ஐந்து போடுவார்கள். 1959இல் டொனால்டு கிர்க்பாட்ரிக் பயிற்சியை அளக்க நாலு படி சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, தொழிலில் பலன் தெரிந்ததா. ஞாயிறு மாலைப் படிவம் முதல் படியோடு நின்றுவிடுகிறது. இணையதளத்தில் போடும் பாராட்டுகளும் அந்தப் படியில் எழுதியவைதான். அவற்றை வைத்து முடிவெடுக்காதீர்கள். போன வருடம் முடித்தவர் இரண்டு பேரிடம் பேச ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஸ்டுடியோவில் இன்றும் எது நடக்கிறது என்று மட்டும் அவர்களிடம் கேட்டால் போதும்.

பலன் கரைவது பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில். முதலாளி புதுச் சொற்களோடு திரும்பி வருகிறார், ஒரே நேரத்தில் ஐந்து பழக்கத்தை மாற்றப் பார்க்கிறார், ஆட்களுக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை, ஒரு டெலிவரி நெருக்கடி வந்ததும் எல்லாம் பழையபடி. இதற்கு இரண்டு தடுப்பு. ஸ்டுடியோவிலிருந்து இரண்டு பேராகப் போவது முதலாவது. முதலாளி மறக்கும்போது ஞாபகப்படுத்த இன்னொருவர் இருப்பார். மற்றது, முதல் 90 நாளுக்கு ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. வாரம் ஒரு நாள், 40 நிமிடம், ஒரு வேலை, நான்கு படி. அது பழகிய பிறகே அடுத்தது. ஆறு, பன்னிரண்டாம் வாரத்தில் பயிற்சியாளரோடு ஒரு மணி நேரத் தொடர் அழைப்பு கட்டணத்திலேயே சேர்ந்திருந்தால் அந்தப் பயிற்சிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம்.

காசில்லாமல் தொடங்க நினைப்பவர்களுக்கு, கோல்ட்மேன் சாக்ஸ் 10,000 விமன் திட்டத்தின் இலவச வகுப்புகள் கோர்செரா என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் இருக்கின்றன. 2008இல் பெண் தொழில்முனைவோருக்காகத் தொடங்கிய திட்டம். தலைமை, பேரம் பேசுதல், நிதி என்று தனித்தனி வகுப்பு. உங்கள் சொந்தத் தொழிலையே எடுத்துக்கொண்டு பயிற்சித் தாளை நிரப்பச் சொல்வது இதன் பலம். பாடம் ஆங்கிலத்தில், படைப்புத் தொழிலுக்கென்று செய்ததும் இல்லை, யாரும் உங்கள் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்ல மாட்டார்கள். நிதிப் பகுதிக்காகவே பார்க்கலாம். தமிழில் வேண்டுமானால், சென்னை கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. தொழில் தொடங்குவதற்கும் பதிவு, கடன் வழிகளைத் தெரிந்துகொள்வதற்கும் ஏற்றது. ஆட்களை நடத்தும் விஷயத்துக்கு அங்கே போக வேண்டியதில்லை.

தனிப்பட்ட கோச் வைத்துக்கொள்வது எட்டுப் பேருக்கு மேல் உள்ள ஸ்டுடியோவுக்கு இரண்டு நாள் பயிற்சியைவிடப் பொருத்தம். இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் மூன்று நிலைச் சான்று தருகிறது; குறைந்தபட்சம் 100, 500, 2,500 மணி நேர அனுபவம் வேண்டும். சான்று இருப்பவர் நன்றாகக் கேள்வி கேட்பார். அவருக்கு உங்கள் தொழில் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் ஸ்டுடியோவில் நடக்கும் ஒரு கருத்துச் சொல்லும் அமர்வில் ஓரமாக உட்கார்ந்து பார்க்கச் சம்மதிக்க வேண்டும். முடியாது என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

பணம் கட்டும் முன் மணி நேர நிரலை எழுத்தில் கேளுங்கள். தலைப்புகள் போதாது, எத்தனை மணி நேரம் பேச்சு, எத்தனை மணி நேரம் செய்முறை என்று இருக்க வேண்டும். செய்முறை பாதிக்குக் குறைவாக இருந்தால் வேண்டாம். "என்ன கொண்டுவரணும்?" என்றும் கேளுங்கள். பேனா, நோட்டு, நல்ல மனநிலை என்று பதில் வந்தால் விட்டுவிடலாம். இப்போது ஓடும் வேலையின் ஃபைல் ஒன்று, போன மூன்று மாத பில், ஒரு ஒப்பந்த நகல் என்று பதில் வந்தால் இரண்டு இடம் பதிவு செய்யுங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் எண்ணைக் கொடுத்து ஸ்டுடியோ பெயரிலேயே பில் வாங்குங்கள். 25,000 ரூபாய் கட்டணத்தில் வரி மட்டும் 4,500 ரூபாய், அதை நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம்.